திரெட்நீடில் வீதியின் மூதாட்டி

இலண்டன் மாநகரைக் கண்டு வந்தவர்களிடம் அங்கே பார்க்கத் தக்கவை யாவை என்று கேட்டால், பாராளுமன்ற மாளிகையையும் பக்கிங்ஹாம் அரண்மனையையும் தேம்ஸ் நதியின் பாலங்களையும் வரிசையாகச் சொல்வார்கள். சாளரமில்லாத மதில் ஒன்றைப் பார்த்து வந்தோம் என்று சொல்வார் மிகச் சிலரே. ஆயினும் அம்மதிலின் வரலாற்றை அறிந்தவர்களுக்கு அரண்மனைகள் சொல்லாத பல செய்திகளை அது சொல்லும். அரசன் கடன் கேட்ட கதையும், செல்வர்கள் அஞ்சி ஓடிவந்த கதையும், ஏழைகள் தூக்குமேடை ஏறிய கதையும், பெருங்கலைஞர் ஒருவரின் வாழ்நாள் உழைப்பு இடிபட்டு வீழ்ந்த கதையும் அதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. இங்கிலாந்து வங்கியின் மதிலே அது.

வீதிகள் கூடும் சந்தி

இலண்டன் பெருநகரின் உள்ளே, உரோமர் காலந்தொட்டு விளங்கிவரும் பழைய நகரம் ஒன்று உண்டு. ஏறக்குறைய ஒரு சதுர மைல் பரப்புடைய அதனைச் 'சிற்றி' என்று வழங்குவர். வணிகமும் வட்டியும் காப்புறுதியும் அங்கே குடிகொண்டுள்ளன. அந்நகரின் நடுநாயகமாகப் பல வீதிகள் வந்து கூடும் சந்தி ஒன்று அமைந்திருக்கிறது. அதன் அடியிலுள்ள நிலத்தடிப் புகையிரத நிலையத்துக்கு 'பாங்க்' என்பதே பெயர். வங்கி என்றால் எந்த வங்கி என்று அங்கே எவரும் கேட்பதில்லை.

நிலையத்தின் படிகளில் ஏறி நாம் தெருவுக்கு வந்தால், மூன்று பெருங் கட்டடங்கள் முக்கோணமாக நின்று நம்மை நோக்குகின்றன. தெற்கே இருப்பது நகர மேயரின் வாசஸ்தலமாகிய 'மான்ஷன் ஹவுஸ்'. கிழக்கே, பெருந்தூண்களோடு நிற்பது 'ரோயல் எக்ஸ்சேஞ்ச்' எனும் பழைய வணிகமன்றம். தோமஸ் கிரெஷாம் என்ற வணிகர் நிறுவிய அம்மன்றத்தை 1571 ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத் அரசியார் திறந்து வைத்தார். இருமுறை தீக்கிரையாகி மூன்றாம் முறை எழுப்பப்பட்ட கட்டடமே இன்று நாம் காண்பது. வடக்கே நிற்பதுதான் இங்கிலாந்து வங்கி.

வங்கியின் முன்புறத்து வீதிக்குத் 'திரெட்நீடில்' என்று பெயர். ஊசியையும் நூலையும் குறிக்கும் சொற்கள் சேர்ந்த பெயர் அது. தையற் கலைஞர்களின் பழைய சங்க மண்டபம் இன்றும் அவ்வீதியிலேயே உள்ளது. வங்கியைச் சுற்றி நடப்போமானால் நான்கு வீதிகளைத் தொட்டுவிடுவோம். மூன்று ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வளைத்து நிற்கும் அம்மதிலில், தூண்கள் உள, மாடங்கள் உள, சாளரம் போன்ற அமைப்புகளும் சில உள. ஆனால் உண்மையான சாளரத்தைத்தான் காணோம். உள்ளே நிகழ்வதை வெளியே நிற்பவன் காணலாகாது என்பது அதன் கருத்துப் போலும்.

மதிலுக்கு மேலே ஏழு மாடிக் கட்டடம் உயர்ந்து நிற்கின்றது. மதில் ஒருவர் படைப்பு. மாடிகள் வேறொருவர் படைப்பு. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு துயரக் கதை இருக்கிறது. அதற்குமுன் வங்கி பிறந்த கதையை அறிந்துகொள்வோம்.

அரசன் கேட்ட கடன்

1690 களில் இங்கிலாந்தின் அரசர் மூன்றாம் வில்லியம் பிரான்சோடு பொருதிக்கொண்டிருந்தார். போருக்குக் கப்பல்கள் வேண்டும்; கப்பல்களுக்குப் பணம் வேண்டும். ஆனால் அரசனுக்குக் கடன் கொடுக்க எவருக்கும் துணிவில்லை. இரண்டாம் சார்ள்ஸ் அரசர் 1672 ஆம் ஆண்டில் பொற்கொல்லரிடமும் பிறரிடமும் பட்ட கடனைக் கொடுக்காது நிறுத்திவைத்ததை நகரத்தார் மறக்கவில்லை.

அந்நேரத்திலே வில்லியம் பற்றர்சன் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் ஒரு திட்டத்தை முன்வைத்தார். பொதுமக்கள் பங்கு சேர்ந்து 12 இலட்சம் பவுணை அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுப்பது; அரசாங்கம் ஆண்டுக்கு நூற்றுக்கு எட்டு வட்டி கொடுப்பது; அவ்வட்டிக்குக் கப்பல்களின் மீதும் மதுபானங்களின் மீதும் விதிக்கும் தீர்வைகளை ஈடாக வைப்பது; கடன் கொடுத்தவர்கள் ஒரு வங்கியாகக் கூடித் தொழில் செய்ய உரிமை பெறுவது. இதுவே திட்டம். தனியொரு மன்னனின் வாய்ச்சொல்லுக்குப் பதிலாகப் பாராளுமன்றத்தின் சட்டம் கடனுக்குப் பிணையாக வந்தது. இந்த வேறுபாட்டை மக்கள் உணர்ந்துகொண்டனர். ஏறக்குறைய இரண்டு வாரத்துக்குள் முழுத்தொகையும் சேர்ந்துவிட்டது.

1694 யூலை 27 ஆம் தேதி வங்கிக்கு அரச பட்டயம் கிடைத்தது. முதல் ஆளுநராக அமர்ந்த சேர் ஜோன் ஹூப்ளன், சமயக் கொடுமைக்கு அஞ்சிக் கடல் கடந்து வந்த அகதிக் குடும்பம் ஒன்றின் வழித்தோன்றல். பதினேழு இலிகிதர்களோடும் இரண்டு வாயிற்காவலர்களோடும் வாடகை மண்டபம் ஒன்றிலே வங்கி தன் தொழிலைத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் அதற்குச் சொந்த வீடே இருக்கவில்லை. பின்னர், முதல் ஆளுநர் ஹூப்ளன் வாழ்ந்த வீடும் தோட்டமும் இருந்த திரெட்நீடில் வீதி நிலத்திலேயே ஜோர்ஜ் சாம்சன் என்பவர் வரைந்த படத்தின்படி கட்டடம் எழுந்தது. 1734 ஆம் ஆண்டில் வங்கி அங்கே குடிபுகுந்தது.

வங்கி கொடுத்த தாள், ஒரு பற்றுச்சீட்டேயன்றி வேறில்லை. இதனைக் கொண்டுவருபவர் கேட்டபோது இத்தனை பவுண் கொடுப்போம் என்ற வாக்கு அதில் இருந்தது. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவரை எவரும் கேட்பதில்லை. நம்பிக்கை குன்றினாலோ எல்லாரும் ஒருங்கே கேட்பார்கள். வங்கித் தொழிலின் சூட்சுமமும் அபாயமும் இதுவே. 1745 ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்திலிருந்து கலகப்படை இலண்டனை நோக்கி வருகிறது என்ற செய்தி பரவியபோது, மக்கள் தாளும் கையுமாக வங்கியை முற்றுகையிட்டார்கள். அப்போது வங்கியார் ஆறுபென்ஸ் சில்லறையாக மெல்ல மெல்ல எண்ணிக் கொடுத்துக் காலத்தைக் கடத்தினார்கள் என்பர். வணிகர்கள் கூடி, வங்கித்தாளை நாம் ஏற்போம் என்று கைச்சாத்திட்டு அறிக்கை விட்ட பின்னரே கூட்டம் கலைந்தது.

கோயிலை விழுங்கிய வங்கி

வங்கியின் அருகே புனித கிறிஸ்தோபருக்குரிய பழைய தேவாலயம் ஒன்று இருந்தது. 1780 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் சமயப் பகைமையால் மூண்ட கோர்டன் கலகத்தின்போது, சிறைச்சாலைகளைத் தீயிட்ட கும்பல் வங்கியையும் தாக்க வந்தது. படைவீரர்கள் அதனைத் துரத்தியடித்தனர். ஆனால் வங்கியாருக்கு ஓர் அச்சம் பிறந்தது. அடுத்த முறை கலகக்காரர் தேவாலயக் கோபுரத்தின் மீதேறி வங்கியை நோக்கிச் சுட்டால் என்ன செய்வது? தேவாலயம் சட்டப்படி வங்கியின் வசமாகி, இடிக்கப்பட்டது. அதன் சேமக்காலை இருந்த இடம் வங்கியின் உள்முற்றத்துத் தோட்டமாயிற்று.

அக்கலகத்துக்குப் பின் ஒவ்வோர் இரவும் படைவீரர் அணியொன்று வங்கியைக் காவல் செய்ய வந்தது. அவ்வழக்கம் 1973 ஆம் ஆண்டுவரை, ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் நீடித்தது.

அத்தோட்டத்தைப் பற்றி இன்னுமொரு செய்தி உண்டு. ஜெங்கின்ஸ் என்ற இலிகிதர் ஒருவர் ஆறரை அடிக்கு மேற்பட்ட உயரமுடையவர். அக்காலத்தில் மருத்துவ ஆராய்ச்சிக்காகப் பிணங்களைத் தோண்டித் திருடி விற்கும் கூட்டத்தார் இருந்தனர். தம் உடலுக்கு அவர்கள் கண்வைப்பார்கள் என்று அஞ்சிய அவ்விலிகிதர் 1798 இல் இறந்தபோது, அவருடைய உடல் அத்தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. பொன்னை நம்பி ஒப்படைக்கும் இடத்தில் தன் எலும்பையும் நம்பி ஒப்படைத்தார் அவர்!

கொத்தனார் மகன் கட்டிய மதில்

1788 ஆம் ஆண்டில் வங்கியின் கட்டடக் கலைஞராக ஜோன் சோன் என்பவர் நியமனம் பெற்றார். செங்கல் அடுக்கும் கொத்தனார் ஒருவரின் மகனாகப் பிறந்து, தம் திறமையால் புலமைப்பரிசில் பெற்று இத்தாலி சென்று, உரோமரின் இடிபாடுகளை அளந்து வரைந்து கற்றவர் அவர். அப்போது அவருக்கு வயது 35. அதன்பின் 45 ஆண்டுகள், 1833 வரை, அவ்வங்கியைக் கட்டுவதே அவர் பணியாக இருந்தது.

சோனுக்குக் கிடைத்த கட்டளை கடினமானது. கள்வரும் கலகக்காரரும் நுழையலாகாது; ஆகையால் வெளிச்சுவரில் சாளரம் கூடாது. ஆனால் உள்ளே நூற்றுக்கணக்கானோர் கணக்கெழுத வேண்டும். ஆகையால் ஒளி வேண்டும். இம்முரண்பாட்டிலிருந்தே அவருடைய கலை பிறந்தது. ஒளியை அவர் வானத்திலிருந்து இறக்கினார். மண்டபங்களின் கூரையைக் குவிமாடங்களாக உயர்த்தி, அவற்றின் தலையிலே கண்ணாடிக் கூண்டுகளை வைத்தார். சுவர்கள் இருளாது, வளைவுகள் கனக்காது, கூரை மிதப்பதுபோல நின்றது என்று கண்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். வடமேற்கு மூலையிலே, இத்தாலியின் திவொலி நகரத்துக் கோயிலை நினைவூட்டும் வட்டமான தூண்வரிசை ஒன்றையும் அமைத்தார்.

1830 ஆம் ஆண்டில் சோனின் நண்பரும் ஓவியருமான ஜோசப் காண்டி ஒரு பெரிய படத்தைத் தீட்டினார். வங்கி முழுவதையும் வானத்திலிருந்து பார்ப்பதுபோலக் காட்டும் படம் அது. கூரைகள் திறந்து கிடக்கின்றன. சுவர்கள் பாதியாய் நிற்கின்றன. கட்டடத்தின் உள்ளமைப்பைக் காட்டத் திறந்து வைத்த படம் என்றும் சொல்லலாம்; பிற்காலத்தில் பாழடைந்து கிடக்கும் வங்கியைக் கற்பனை செய்த படம் என்றும் சொல்லலாம். சோனின் வீடு இன்று அரும்பொருட்சாலையாக இலண்டனில் உள்ளது. அங்கே அப்படத்தைக் காணலாம்.

வாக்குத் தவறிய நாள்

மதில் எழுந்துகொண்டிருந்த காலத்திலேயே, மதிலால் தடுக்க முடியாத ஆபத்து வந்தது. 1797 பெப்ரவரியில் பிரெஞ்சுப் படையொன்று வேல்ஸ் நாட்டுக் கரையில் இறங்கியது. சிறிய படைதான், இரண்டு நாளில் சரணடைந்துவிட்டது. ஆனால் அச்சம் சரணடையவில்லை. பொன்னைக் கேட்டு மக்கள் திரண்டார்கள். போர்ச் செலவுக்காக அரசாங்கம் ஏற்கெனவே பெருந்தொகையைக் கடனாக வாங்கியிருந்ததால் வங்கியின் கையிருப்பு மெலிந்திருந்தது. பெப்ரவரி 26 ஆம் தேதி, தாளுக்குப் பொன் கொடுப்பதை நிறுத்துமாறு அரசாங்கம் உத்தரவிட்டது. கேட்டபோது கொடுப்போம் என்று தாள் சொல்லிக்கொண்டே இருந்தது, கேட்டவருக்கோ கிடைக்கவில்லை. அந்நிலை 1821 வரை நீடித்தது.

அவ்வாண்டு மே மாதத்திலே ஜேம்ஸ் கில்றே என்ற கேலிச்சித்திரக்காரர் ஒரு படம் வெளியிட்டார். காகிதப் பணத்தையே ஆடையாக உடுத்த ஒரு மூதாட்டி, பூட்டிய பணப்பெட்டியின் மீது அமர்ந்து கூக்குரலிடுகின்றாள். பிரதமர் பிற் அவளைக் காதலிப்பவர்போல் நெருங்கி, அவள் சட்டைப் பையினுள்ளே கைவிடுகின்றார். மூதாட்டி என்பது வங்கி. பையிலிருக்கும் பொன் மக்களுடையது. படம் ஒரு நகைச்சுவையாகப் பிறந்தது. ஆனால் 'திரெட்நீடில் வீதியின் மூதாட்டி' என்ற பெயர் வங்கிக்கு இன்றுவரை நிலைத்துவிட்டது.

நகைப்புக்கு உரியதல்லாத பின்விளைவும் ஒன்றுண்டு. பொன் நாணயம் மறையவே, ஒரு பவுண், இரண்டு பவுண் பெறுமதியான சிறு தாள்களை வங்கி வெளியிட்டது. அதுவரை பெரிய தாள்களைச் செல்வரே கையாண்டனர். இப்பொழுதோ எழுத்தறியாத கூலியாளும் சந்தைக்காரியும் தாளைக் கையிலேந்த நேர்ந்தது. தாளின் அச்சோ எளிமையானது. கள்ளத்தாள் பெருகியது. கள்ளத்தாள் செய்வதற்கும், அறிந்தே அதனைப் பிறருக்கு மாற்றுவதற்கும் அக்காலச் சட்டம் விதித்த தண்டனை மரணம். பொன் கொடுப்பது நின்றிருந்த அந்த ஆண்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டனர். அவர்களுட் பலர் ஏழைகள், பெண்களும் இருந்தனர்.

1819 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் குறூக்ஷாங்க் என்ற ஓவியர், பெண்களும் தூக்கிலே தொங்கிய காட்சியால் நெஞ்சம் துடித்து, வங்கித்தாளைப் போலவே ஒரு தாளை வரைந்து அச்சிட்டார். அதில் தூக்கிலே வரிசையாய்த் தொங்கும் மனிதர்கள். பவுண் குறிக்குப் பதிலாகச் சுருட்டிய கயிறு. கடைவாசலில் மக்கள் முண்டியடித்து வாங்கினார்கள். பொதுமக்களின் வெறுப்பு வளர்ந்தது. 1830 களில் அம்மரண தண்டனை சட்டத்திலிருந்து நீங்கியது.

கள்ளத்தாள் வழக்கில் தூக்கிலிடப்பட்ட தமையனைத் தேடிக் கறுப்பாடை உடுத்த நங்கையொருத்தி பல ஆண்டுகள் வங்கி வாசலுக்கு வந்துபோனாள் என்று ஒரு பழங்கதை அந்நகரில் வழங்கிவருகின்றது. கதையிலே கற்பனை கலந்திருக்கலாம். ஆனால் அப்படி ஒரு கதை பிறப்பதற்கு வேண்டிய கண்ணீர் அங்கே சிந்தப்பட்டது மெய். வாக்கை முதலில் மீறியது தாளை வெளியிட்டவர்கள்; உயிரைக் கொடுத்தவர்கள் வேறு யாரோ. வங்கி மதிலைப் பார்க்கும்போது இதனையும் நாம் நினைத்தல் வேண்டும்.

இடிபட்ட மண்டபங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் சோனின் மண்டபங்களில் கணக்கெழுதும் ஓசை ஓயவில்லை. 1894 ஆம் ஆண்டில் பெண்களும் அங்கே இலிகிதர்களாகச் சேர்ந்தனர். நீர்க்கரை விலங்குகளின் கதையாகிய 'தி விண்ட் இன் த வில்லோஸ்' நூலை எழுதிய கெனத் கிறகம், பத்தாண்டுகள் அவ்வங்கியின் செயலாளராக இருந்தவர். 1903 இல் ஒரு பித்தன் உள்ளே நுழைந்து அவரை நோக்கித் துப்பாக்கியால் சுட்டான். குறி தவறியதால் அவர் பிழைத்தார். அந்நூலும் பிற்பாடு 1908 இல் உலகுக்குக் கிடைத்தது.

முதலாம் உலக யுத்தம் நாட்டின் கடனைப் பன்மடங்காக்கியது. கடன் பெருகப் பெருகக் கணக்கெழுதுவோரும் பெருகினர். இடம் போதவில்லை. அப்போது ஆளுநராக இருந்த மொண்டேகு நோர்மனும் அவருடைய சபையாரும் புதிய கட்டடம் எழுப்பத் துணிந்தனர். புதுடில்லியின் செயலகக் கட்டடங்களை வடித்த ஹேர்பட் பேக்கரிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 1925 இல் தொடங்கிய வேலை 1939 இல் முடிந்தது. சோனின் வெளிமதில் மாத்திரம் பெரும்பாலும் விட்டுவைக்கப்பட்டது. வானத்து ஒளியை இறக்கிய அவருடைய மண்டபங்கள் இடிக்கப்பட்டன. மதிலுக்குள்ளே, நிலத்தின்மேல் ஏழும் நிலத்தின்கீழ் மூன்றுமாக மாடிகள் எழுந்தன. நூறாண்டுக்கு முன் காண்டி தீட்டிய படம், தீர்க்கதரிசனம் போலாயிற்று.

பேக்கரின் கட்டடம் அழகற்றது என்று சொல்வதற்கில்லை. அடித்தளம் தோண்டியபோது வெளிப்பட்ட உரோமர் காலத்துச் சித்திரத் தளத்தை அவர் போற்றி வைத்தார். முகப்பின் உச்சியிலே, வங்கியின் சிறுவடிவத்தை ஏந்திய பெண்ணுருவைச் சார்ள்ஸ் வீலர் என்ற சிற்பி செதுக்கினார். மூதாட்டி இளமை பெற்று அங்கே அமர்ந்திருக்கின்றாள். ஆயினும் கட்டடக்கலை வரலாற்றாசிரியர் நிக்கொலஸ் பெவ்சனர், சோனின் மண்டபங்களை இடித்ததை அந்நகரம் இருபதாம் நூற்றாண்டில் இழைத்துக்கொண்ட பெருங்குற்றம் என்ற கருத்துப்பட எழுதினார். போட்ட குண்டினால் அழிந்தவற்றுக்கு ஆறுதல் சொல்லலாம். தாமே இடித்ததற்கு யாரிடம் போய் ஆறுதல் பெறுவது?

இதிலே வரலாற்றின் நகைப்பும் ஒன்றிருக்கிறது. வேலை தொடங்கிய 1925 ஆம் ஆண்டிலேதான் பிரித்தானியா, யுத்தத்தால் கைவிட்ட பொன் நாணயத் திட்டத்துக்கு மீண்டது. வேலை பாதியில் நிற்கும்போது, 1931 செப்டெம்பரில், அத்திட்டத்தை மீண்டும் கைவிட நேர்ந்தது. இம்முறை அந்த வாக்கு நிரந்தரமாகவே போய்விட்டது. கோட்டை கட்டி முடிந்தபோது, தாளைக் கொண்டுவந்து பொன் கேட்கும் உரிமை எவருக்கும் இல்லை. கேட்டபோது கொடுப்போம் என்ற வாசகம் மாத்திரம் இன்றும் அத்தாளிலே அச்சாகி வருகின்றது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது அங்கிருந்த பொன் கப்பலேறிக் கனடாவுக்குச் சென்றது. வெறுமையான நிலவறைகளில் ஊழியர்கள் மேசையிட்டு உணவருந்தினார்கள். 1941 ஜனவரி 11 ஆம் தேதி இரவு சந்தியின் நடுவே குண்டு விழுந்து, நிலத்தடி நிலையத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரில் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீதி முழுவதும் பெரும்பள்ளமாயிற்று. அருகே நின்ற வங்கி தப்பியது. யுத்தம் முடிந்தபின், 1946 இல், தனியார் பங்குடைமை நீங்கி வங்கி அரசுடைமையாயிற்று. வட்டி வீதத்தை அமைச்சரின் சொற்படியன்றித் தானே தீர்மானிக்கும் சுதந்திரத்தை 1997 இல் பெற்றது.

நமக்கும் உரிய பாடம்

கடலுக்கு அப்பாலுள்ள ஒரு வங்கியின் கதை நமக்கெதற்கு என்று இளைஞர் கேட்கலாம். நம் நாட்டிலும் ஒரு தாள் வாக்குத் தவறிய நாள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இலங்கையில் தனியார் வங்கிகளின் தாள்களே வழங்கின. அவற்றுள் முதன்மையானது, இலண்டனில் தலைமையகம் கொண்ட ஓரியன்டல் பாங்க். 1869 முதல் கோப்பிச் செடிகளைப் பீடித்த இலைநோய் தோட்டங்களை அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த அவ்வங்கியும் பலவாறு நட்டமுற்று, 1884 மே மாதத்தில் கதவடைத்தது. அதன் தாளைக் கையில் வைத்திருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். அப்போது தேசாதிபதியாக இருந்த சேர் ஆர்தர் கோர்டன், அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று துணிந்து பிணை நின்றார். கலக்கம் அடங்கியது. அவ்வாண்டிலேயே அரசாங்கம் தன் சொந்தத் தாளை வெளியிடுவதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. பின்னர் 1950 ஓகஸ்ட் 28 ஆம் தேதி இலங்கை மத்திய வங்கி தொடங்கியது.

அண்மைக் காலத்தையும் நாம் மறந்துவிடவில்லை. 2022 ஏப்ரல் 12 ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக இலங்கை அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற தாய்மாருக்கும், ஓய்வூதியத்தை நம்பியிருந்த முதியோருக்கும் அவ்வாண்டின் துன்பத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. செப்டெம்பர் மாதத்தில் கொழும்பு விலைச்சுட்டெண், ஓராண்டில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது உயர்ந்திருந்தது. களவு போகாமலே, பெட்டியில் வைத்த பணத்தின் பெறுமதி கரைந்துவிட்டது. அதன்பின் 2023 இல் வந்த புதிய சட்டம், அரசாங்கத்தின் செலவுக்காகப் பணம் அச்சிட்டுக் கொடுப்பதை மத்திய வங்கிக்குத் தடைசெய்தது. 1797 இல் கில்றே வரைந்த படத்திலே, மூதாட்டியின் பைக்குள்ளே கைவிட்ட அமைச்சரை இச்சட்டத்தோடு சேர்த்து நினைத்துப் பார்க்கும் மாணவர், பொருளியலின் பெரியதோர் அத்தியாயத்தை எளிதில் விளங்கிக்கொள்வர்.

பொன்னைத் தூக்கிப் பார்த்தல்

இலண்டனுக்குச் செல்லும் வாய்ப்புடையோர் வங்கியின் கிழக்குப் புறத்து ஒழுங்கையாகிய பார்த்தலோமியு லேனுக்குச் செல்லல் வேண்டும். அங்கே வங்கியின் அரும்பொருட்சாலைக்கு வாயில் உண்டு; கட்டணம் இல்லை. இடிக்கப்பட்ட சோனின் மண்டபங்களில் ஒன்றை, பழைய படங்களைக் கொண்டு முன்னிருந்தவாறே மீள அமைத்து 1988 இல் திறந்தார்கள். தலைக்குமேலிருந்து ஒளி மெல்ல இறங்கி வருகின்றது. பகலில் விளக்கின்றிக் கணக்கெழுத முடிந்த அம்மண்டபத்தின் அருமையை அங்கே நின்றால்தான் உணரலாம். இழந்ததன் நிழல் அது. ஆயினும் நிழலாவது கிடைத்ததே என்று மனம் ஆறுகின்றது.

அங்கே கண்ணாடிப் பெட்டியொன்றில் மெய்யான பொற்பாளம் ஒன்று வைத்திருக்கிறார்கள். துவாரத்தின் வழியே கையை நுழைத்து எவரும் அதனைத் தூக்கிப் பார்க்கலாம். நாமும் தூக்கிப் பார்த்தோம். செங்கல்லளவே தோன்றும் அது பன்னிரண்டு கிலோவுக்கு மேற்பட்ட பாரமுடையது, மணிக்கட்டு தளர்ந்துவிடுகின்றது. அத்தகைய பாளங்கள் ஏறக்குறைய நான்கு இலட்சம் நம் காலடியிலுள்ள நிலவறைகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இலண்டன் நகரம் களிமண் மீது நிற்பதால் அவற்றை மிக உயரமாக அடுக்குவதில்லை, நிலம் அமிழ்ந்துவிடும். அவற்றிற் பெரும்பகுதி பிரித்தானியாவுக்கு உரியதன்று. பிற நாடுகள் நம்பிக் கொடுத்துவைத்த பொருள்.

முன்னே நின்ற சிறுவன் ஒருவன் இரண்டு கையாலும் முயன்றும் பாளத்தை அசைக்க மாட்டாது சிரித்தான். அவன் தந்தையார் தம் சட்டைப் பையிலிருந்து ஐந்து பவுண் தாளொன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். அது காற்றிலே பறக்கும் பாரந்தான். அதில் அச்சிட்டிருந்த வாக்குறுதியைச் சிறுவன் எழுத்துக் கூட்டி வாசித்தான். வாசித்து முடித்ததும், "யாரிடம் போய்க் கேட்பது?" என்று தந்தையை வினவினான்.

தந்தையார் விடை சொல்லாமல் அவன் கையைப் பற்றி அடுத்த மண்டபத்துக்கு அழைத்துச் சென்றார். அவ்வினா மாத்திரம் அம்மண்டபத்திலே நின்றது. தாளைக் கையாளும் எந்த நாட்டின் பிள்ளைகளும் கேட்கவேண்டிய வினா அது. அதற்கு நேர்மையாக விடை சொல்லும் கடமை, தாளிலே கைச்சாத்திடும் பெரியோருடையது.